அரைஞாண் கயிறும் அடிப்போனெக்டினும்



தறி ஓட்டிச் சேர்த்த பணத்தில், சர்க்கரை நோயால் காலை இழந்து மறைந்த தம் தாயாரின் நினைவாக ஒரு குடும்பம் இந்தச் சொற்பொழிவை ஏற்படுத்தியிருக்கிறது. மேடை ஏறுமுன் அந்த அம்மையாரின் மகன் என்னிடம் ஒன்று கேட்டார். "எங்கம்மா ஒல்லிங்க. ஒல்லியா இருக்கிறவங்களுக்கு எப்படிங்க சுகர் வரும்?" நான் எழுதிக்கொண்டு வந்த உரைக்கும் அதுதான் கேள்வி. நாற்பது ஆண்டுகளாக நான் சுமந்து திரியும் கேள்வியும் அதுவே.

என் அப்பா லாரி டிரைவர். நாமக்கல்லில் லோடு ஏற்றிக்கொண்டு புறப்பட்டால் நாக்பூர், கல்கத்தா என்று சுற்றிவிட்டுப் பதினைந்து நாள் கழித்துத்தான் வீடு திரும்புவார். கையும் காலும் குச்சி. கன்னம் ஒட்டியிருக்கும். பொங்கலுக்கு மாட்டுக்குப் புதுக் கயிறு மாற்றும்போது அவரும் இடுப்பில் புது அரைஞாண் கட்டிக்கொள்வார். அர்ணாக்கயிறு என்போம் எங்கள் பக்கம். கறுப்புக் கயிறு வாங்கிவரச் சந்தைக்கு என்னைத்தான் அனுப்புவார். முதலில் ஒரு முழமும் முக்காலும் போதுமாக இருந்தது. பிறகு இரண்டு முழம். பிறகு "கொஞ்சம் தாராளமா வாங்கிட்டு வாடா" என்றார். சட்டை அளவு மாறவில்லை, செருப்பு அளவு மாறவில்லை, எடையும் அறுபது கிலோவைத் தாண்டவில்லை. கயிறு மட்டும் நீண்டுகொண்டே போனது. நாற்பத்து மூன்றாம் வயதில் அவருக்குச் சர்க்கரை என்று தெரிந்தது. கணையமோ இன்சுலினோ எங்கள் வீட்டில் யாரும் கேள்விப்படாத காலம் அது. எங்கள் வீட்டில் அவருடைய நோயை முதலில் அறிந்தது அந்தக் கயிறு என்று பிற்பாடு உயிர்வேதியியல் படித்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

லாரித் தொழில் தெரிந்த இந்த நாமக்கல் வட்டாரத்தில் ஓர் உவமை சொன்னால் எளிதில் விளங்கும். எடைமேடையில் வண்டியை ஏற்றினால் மொத்தம் எத்தனை டன் என்று சீட்டு வரும். உள்ளே இருப்பது இரும்பா பஞ்சா, பின்பக்கம் குவிந்திருக்கிறதா, ஒருபக்கம் சாய்ந்திருக்கிறதா என்று அந்தச் சீட்டு சொல்லாது. வளைவில் வண்டி கவிழ்வதோ டன் கணக்கால் மட்டும் அல்ல, பாரம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதாலும்தான். உடல் எடையும், எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துக் கிடைக்கும் பி.எம்.ஐ. என்ற எண்ணும் எடைமேடைச் சீட்டு போன்றவையே.

இதை உலகத்துக்கு ஒரு புகைப்படம் உணர்த்தியது. 2004-இல் லான்செட் இதழில் இரண்டு மருத்துவர்கள் அருகருகே நிற்கும் படம் வந்தது. ஒருவர் புனே கே.இ.எம். மருத்துவமனையின் சித்தரஞ்சன் யாஜ்னிக், மற்றவர் லண்டனைச் சேர்ந்த ஜான் யட்கின். இருவருக்கும் பி.எம்.ஐ. ஒன்றே: 22.3. உடம்பில் கொழுப்பின் பங்கை அளந்தபோது யட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு. சீட்டில் ஒரே டன், உள்ளே வேறு வேறு சரக்கு. யாஜ்னிக் இதற்கு முன்பே புனே சுற்றுவட்டாரக் கிராமங்களில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தில் பிறந்த குழந்தைகளோடு ஒப்பிட்டிருந்தார். நம் குழந்தைகள் எடை குறைந்து பிறந்தன. தசை குறைவு, வயிற்று உறுப்புகள் சிறியவை. ஆனால் தோலுக்கடியில் இருந்த கொழுப்பில் அந்த அளவு குறைவில்லை. ஒல்லிக்குள் ஒளிந்த பருமன் தாயின் வயிற்றிலேயே தொடங்கிவிடுகிறது என்பது அவருடைய வாதம். இந்த மண்ணின் பெண்கள் தலைமுறை தலைமுறையாக அரைவயிறு உண்டு பிள்ளை சுமந்த கதையை நினைத்துப் பார்க்கும்போது அந்த வாதம் என்னை விட்டு அகல்வதில்லை.

இனி ரத்தத்துக்கு வருகிறேன்.

கொழுப்பு என்பது சும்மா கிடக்கும் மூட்டை என்றுதான் நான் மாணவனாக இருந்தபோது படித்தோம். எண்ணெய் அடைத்த பை, பட்டினிக் காலத்துக்கான சேமிப்பு, அவ்வளவே. அமெரிக்காவில் பார் ஹார்பர் என்ற ஊரில் ஜாக்சன் ஆய்வகத்தில் சில எலிகள் தின்றுகொண்டே இருந்தன, உருண்டையாயின. டக்ளஸ் கோல்மன் அத்தகைய எலியையும் சாதாரண எலியையும் உடலோடு உடல் இணைத்துத் தைத்து, ஒன்றின் ரத்தம் மற்றதற்குள் ஓடச் செய்தார். பருத்த எலி தீனியைக் குறைத்துக்கொண்டது. சாதாரண எலியின் ரத்தத்தில் வந்த ஏதோ ஒன்று "போதும்" என்று சொல்லியிருக்கிறது. அது எது என்பது 1994-இல் தெரிந்தது. ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழு கண்டுபிடித்த அந்தப் புரதத்துக்கு லெப்டின் என்று பெயர். கிரேக்கத்தில் லெப்டோஸ் என்றால் மெலிந்த என்று பொருள். அதைச் சுரப்பது கொழுப்புத் திசு. மூட்டை என்று நினைத்தது வாய் திறந்து மூளையோடு பேசுகிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

லெப்டினை ஊசியாகப் போட்டால் உலகமே மெலிந்துவிடும் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். பிறவியிலேயே லெப்டின் இல்லாத மிகச் சில குழந்தைகளுக்கு அது மறுபிறவி தந்தது. மற்றவர்களிடம் பலிக்கவில்லை. பருத்தவர்களின் ரத்தத்தில் ஏற்கெனவே லெப்டின் ஏராளமாக இருந்தது. மூளைதான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அடுத்து வந்ததுதான் இந்த உரையின் நாயகம். 1995, 96 ஆண்டுகளில் நான்கு குழுக்கள் ஒன்றை ஒன்று அறியாமல் ஒரே புரதத்தைக் கண்டுபிடித்தன. அமெரிக்காவில் பிலிப் ஷெரர் இருந்த குழு ஒன்று, ஜப்பானில் ஒசாகா குழு ஒன்று. ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள்; கடைசியில் அடிப்போனெக்டின் என்ற பெயர் நிலைத்தது. கொழுப்பணுக்கள் சுரக்கும் இந்தப் புரதம் ரத்தத்தில் லெப்டினைப் போல் ஆயிரம் மடங்கு அளவில் மிதக்கிறது. ஈரலிடமும் தசையிடமும் "இன்சுலின் சொல்வதைக் கேள்" என்று சொல்வது இதன் வேலை. வியப்பு என்னவென்றால், கொழுப்பு கூடினால் இது குறைகிறது. ஆலை பெரிதாகப் பெரிதாக அந்த ஒரு சரக்கின் உற்பத்தி மட்டும் ஏன் விழவேண்டும்? வயிற்றுக்குள், குடலைச் சுற்றிச் சேரும் கொழுப்பு கூடும்போது வீழ்ச்சி மிகுதி. கொள்ளளவுக்கு மேல் வீங்கிய கொழுப்பணுவுக்கு மூச்சுத் திணறுகிறது. அதைச் சுற்றி அழற்சி அணுக்கள் கூடுகின்றன. அடிப்போனெக்டின் சுரப்பு தளர்கிறது. எனவே ரத்தத்தில் அடிப்போனெக்டின் குறைந்திருந்தால், கொழுப்பு எங்கோ தங்கக்கூடாத இடத்தில் தங்கியிருக்கிறது என்று பொருள் கொள்ளலாம்.

இதை நம் ஊர் ரத்தத்தில் பார்த்தார்களா? பார்த்தார்கள். அதைச் சொல்லும்போது எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. 1948-இல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் மருத்துவர் எம். விசுவநாதன் சர்க்கரை நோய்க்கென்று தனிப் பிரிவு தொடங்கினார். அன்று முதல் இந்த நோயின் ஆராய்ச்சியில் தமிழ்நாடு பின்வரிசையில் நின்றதே இல்லை. சி. சினேகலதா, அ. ராமச்சந்திரன் உள்ளிட்ட சென்னைக் குழு 2003-இல் டயபெடிஸ் கேர் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டது. இந்தியர்களின் ரத்தத்தில் அடிப்போனெக்டின் குறைந்திருப்பது, மற்றக் காரணங்களைக் கழித்த பிறகும், பின்னாளில் சர்க்கரை நோய் வருவதை முன்கூட்டிக் காட்டியது. வி. மோகன் தலைமையில் சென்னை மாநகரில் நடந்த பெரும் ஆய்வில் 20 வயதும் அதற்கு மேலும் ஆன 26,001 பேரைச் சோதித்தார்கள். க்யூர்ஸ் என்று அழைக்கப்படும் அந்த ஆய்விலிருந்து 2005-இல் வந்த ஒரு கட்டுரை, இடுப்பளவு, ரத்த அழுத்தம், கொழுப்பு, சர்க்கரை எல்லாம் சேர்ந்து கெடும் வளர்சிதைக் கேட்டுக்கும் குறைந்த அடிப்போனெக்டினுக்கும் உள்ள உறவைக் காட்டியது. அதே ஆண்டு வந்த மற்றொரு கட்டுரை சி.ஆர்.பி. பற்றியது. பின்னர் பல நாடுகளில் 14,598 பேரைத் தொடர்ந்து கவனித்த 13 ஆய்வுகளை ஒன்றாக்கி 2009-இல் பார்த்தபோதும் அடிப்போனெக்டின் கூடுதலாக இருந்தவர்களுக்குச் சர்க்கரை நோய் குறைவாகவே வந்திருந்தது.

சி.ஆர்.பி. என்ற மூன்றெழுத்தைக் கொரோனாக் காலத்தில் கேட்காதவர் இல்லை. 1930-இல் நிமோனியா நோயாளிகளிடம் கண்டறியப்பட்ட சி-ரியாக்டிவ் புரதம் அது. உடம்பில் எங்கே நெருப்புப் பிடித்தாலும் ஈரல் இதைச் சுரந்து கொட்டும். காய்ச்சலில் நூறு மடங்கு ஏறும். பெருங்காய்ச்சல் எதுவும் இல்லாமல், லிட்டருக்கு மூன்று, நான்கு மில்லிகிராம் என்று ஆண்டுக்கணக்காகச் சற்றே உயர்ந்து நின்றால்? அது கங்கு. சாம்பல் மூடிய கங்கு. கொழுப்புத் திசுவிலிருந்து வரும் இன்டர்லூக்கின்-6 போன்ற புரதங்கள் ஈரலை ஓயாமல் சீண்டுவதால் வரும் நிலை. சி.ஆர்.பி. பற்றிய அந்தச் சென்னைக் கட்டுரையில் உடற்கொழுப்பு கூடியவர்களிடம் சி.ஆர்.பி. கூடியிருந்தது, சர்க்கரை நோயாளிகளிடம் மற்றவர்களைவிட உயர்ந்திருந்தது.

ஈரல் என்றதும் இந்த மண்ணில் கோழியைப் பற்றிப் பேசாமல் நகர முடியாது. இங்கே பண்ணை வைத்திருப்பவர்கள் பலர் உட்கார்ந்திருக்கிறீர்கள். நன்றாக முட்டையிட்டுக்கொண்டிருந்த கோழி, பார்வைக்குப் பூசினாற்போல் இருந்த கோழி, திடீரென்று கூண்டில் செத்துக் கிடக்கும். கொண்டை வெளுத்திருக்கும். அறுத்துப் பார்த்தால் ஈரல் மஞ்சளாய், தொட்டால் உதிர்வதாய், ரத்தம் கட்டிக் கிடக்கும். கொழுப்பு ஈரல் நோய் என்கிறார்கள் கால்நடை மருத்துவர்கள். காரணம் உங்களுக்கே தெரியும்: நடக்க இடமில்லாத கூண்டு, மக்காச்சோளம் மிகுந்த எரிசக்தித் தீவனம், வெக்கை. தீவனத்தின் எரிசக்தியைக் குறைத்து கோலின் சேர்க்கச் சொல்வார்கள். கோழியின் உடலில் கொழுப்பு தயாராவது பெரும்பாலும் ஈரலில்தான். மாவுச்சத்தைக் கொழுப்பாக மாற்றும் வேலையில் மனித ஈரலும் அப்படியே. கோழியின் விஷயத்தில் முட்டைக்கருவுக்கான பெண்மைச் சுரப்பும் சேர்ந்துகொள்கிறது என்ற வேறுபாடு உண்டு. இன்னொரு வேறுபாடும் உண்டு: கோழியின் ரத்தத்தில் சர்க்கரை 200-க்கு மேல் இருப்பது அதற்கு இயல்பு. நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

மனிதனுக்கு நடப்பது இது. தோலுக்கடியில் உள்ள கொழுப்புக் கிடங்கு ஒவ்வொருவருக்கும் ஒரு கொள்ளளவு உடையது. நம்மில் பலருக்கு அது சிறியது. ஜவ்வரிசி ஆலையில் கிடங்கு நிரம்பினால் மூட்டையை வாசலிலும் நடையிலும் அடுக்குவது போல, மிஞ்சிய கொழுப்பு குடலைச் சுற்றியும், ஈரலுக்குள்ளும், கணையத்துக்குள்ளும் போய் உட்காருகிறது. குடலைச் சுற்றிய கொழுப்பின் கழிவு நேரே ஈரலுக்குத்தான் போகிறது. கொழுத்த ஈரல் இன்சுலின் சொன்னாலும் கேளாமல் சர்க்கரையை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். கணையம் சலிக்காமல் இன்சுலின் சுரந்து சுரந்து ஒருநாள் ஓய்ந்துபோகும். கிடங்கு பெரிதாக உள்ளவர் நூறு கிலோவிலும் சர்க்கரை இல்லாமல் நடமாடுவார். என் அப்பாவின் கிடங்கு அறுபது கிலோவிலேயே நிரம்பிவிட்டது. ஒல்லியானவருக்கு எப்படிச் சர்க்கரை வரும் என்று கேட்ட மகனுக்கு என்னால் தரமுடிந்த விடை இதுதான்.

இவ்வளவும் கேட்ட பிறகு, "நாளைக்கே அடிப்போனெக்டின் பார்த்துவிடுகிறேன்" என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

ரேடியேட்டர் கொதித்தால் டேஷ்போர்டில் முள் ஏறும். முள்ளைப் பிடித்துக் கீழே திருப்பினால் இன்ஜின் குளிராது. ரத்தப் புரதங்களில் எது முள், எது இன்ஜின் என்பதை இன்று மரபணு வழியே சோதிக்கிறார்கள். பிறவியிலேயே சி.ஆர்.பி. சற்றுக் கூடுதலாகச் சுரக்கும் மரபணு கொண்டவர்கள் இருக்கிறார்கள். சி.ஆர்.பி.தான் நோயை உண்டாக்குகிறது என்றால் அவர்களுக்குச் சர்க்கரை நோய் அதிகம் வரவேண்டும். வரவில்லை. அடிப்போனெக்டினைக் குறைக்கும் மரபணு வேறுபாடுகளைச் சோதித்த பெரிய ஆய்விலும் அப்படியே. குறைவு மட்டும் தனியாக நோயைக் கொண்டுவரவில்லை. ஆகவே இவை முள். முள்ளுக்குப் பயன் உண்டு, மருந்து போடவேண்டிய இடம் அது அல்ல. இதைச் சொல்லாமல் நீண்ட பட்டியல் போட்டு, "முழு உடல் பரிசோதனை" என்ற பொட்டலத்துக்குள் இந்தப் புரதங்களையும் திணித்து, ஒரு கூலித்தொழிலாளியின் பல நாள் சம்பளத்தை வாங்கிக்கொள்வதை நான் பார்க்கிறேன். என் உறவினர் ஒருவர் அப்படி ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினார். சளி பிடித்திருந்த வாரத்தில் எடுத்த சி.ஆர்.பி. அது. ஏறாமல் என்ன செய்யும்? பத்து நாள் அவர் தூங்கவில்லை.

இன்னொரு புரதத்தைப் பற்றி நின்று நிதானமாகச் சொல்லவேண்டும், ஏனெனில் அது எல்லாருடைய கையிலும் இருக்கும் தாளில் இருக்கிறது. மூன்று மாதச் சராசரி என்று நாம் சொல்லும் எச்.பி.ஏ.1சி. ரத்தத்துக்குச் சிவப்பு தரும் ஹீமோகுளோபின் புரதத்தின்மேல் சர்க்கரை படிந்த அளவு அது. 1968-இல் தெஹ்ரானில் சாமுவேல் ரஹ்பர் என்ற மருத்துவர் சர்க்கரை நோயாளிகளின் ஹீமோகுளோபினில் ஒரு மாறுபாட்டைக் கண்டார். இன்று உலகமே பயன்படுத்தும் பரிசோதனை அதிலிருந்து பிறந்தது. 5.7 முதல் 6.4 வரை எல்லைக்கோடு, 6.5-உம் அதற்கு மேலும் நோய். சிவப்பணு ஏறத்தாழ நான்கு மாதம் வாழ்வதால்தான் அந்தச் சராசரி கிடைக்கிறது. சிவப்பணுவின் ஆயுளோ பிறப்போ மாறினால் கணக்கும் மாறிவிடும். இரும்புச்சத்து குறைந்தால் புது அணுக்கள் பிறப்பது குறையும்; முதிய அணுக்கள் மிகுந்து நிற்கும்; அவற்றில் சர்க்கரை நெடுநாள் படிந்திருக்கும்; எண் பொய்யாக ஏறும். ரத்தப்போக்கோ அணுச்சிதைவோ இருந்தால் பொய்யாக இறங்கும். ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. அப்படியானால் நம் பெண்களின் ஏ1சி எண்ணைத் தனியாக வைத்து எதையும் தீர்மானிக்கக் கூடாது. ராசிபுரம் பக்கத்தில் இருக்கும் என் சித்திக்கு 6.1 என்று வந்தது. பார்த்தவர் உடனே மாத்திரை எழுதிவிட்டார். ஹீமோகுளோபின் எட்டுதான் என்பதை அதே தாளில் மேல்வரியில் யாரும் பார்க்கவில்லை. இரும்புச்சத்து மாத்திரை நான்கு மாதம் சாப்பிட்ட பிறகு 5.6. வெறும் வயிற்றிலும், குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்தும் பார்த்தபோது சர்க்கரை சரியாகவே இருந்தது. எட்டு ஹீமோகுளோபினோடு களை எடுத்துக்கொண்டிருந்த அந்தப் பெண்மணிக்கு அவர் கேட்காத ஒரு நோயைக் கொடுத்திருந்தோம், இருந்த நோயைக் கவனிக்கவில்லை. இது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

மருத்துவ மாணவர்களே, தாளில் ஏ1சி பார்க்குமுன் ஹீமோகுளோபின் பாருங்கள்.

கிடங்கு இப்படி நிரம்பி வழியும்படி, கொல்லிமலைக்குக் கீழே உள்ள நம் சமவெளிக்கு என்ன நேர்ந்தது என்று யோசித்துப் பார்க்கிறேன். குழித்தறியில் உட்கார்ந்து நெய்தவனின் இரண்டு காலும் நாள் முழுக்க மிதியை மிதித்தன, கைகள் நாடாவைச் சுண்டின. குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் விசைத்தறி வந்தபோது நெய்பவன் அறுந்த நூலைப் பிடிப்பவனானான். சாப்பிட்ட சர்க்கரையின் பெரும்பகுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும் இடம் தசை; அந்தத் தசைக்கு வேலை போயிற்று. லாரிக்காரர் நிலை இன்னும் மோசம். உட்கார்ந்தபடி பத்து மணி நேரம், நடு இரவில் சாப்பாடு, தூக்கம் துண்டு துண்டாக. குச்சிக்கிழங்கு என்னும் மரவள்ளி இந்த மண்ணுக்குக் காசு கொடுத்தது, ஆத்தூர், ராசிபுரம், சேலம் வட்டாரங்களில் சேகோ ஆலைகள் எழுந்தன, 1981-இல் சேகோசர்வ் கூட்டுறவு வந்தது; அந்த உழவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் ஜவ்வரிசி என்பது வெறும் மாவுச்சத்து, அதைக் காய்ச்சலுக்குக் கஞ்சியாக்குவது வேறு, அன்றாட உணவாக்குவது வேறு. கொல்லிமலையில் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த காலத்தில் கீழே நாமும் அவற்றைத்தான் தின்றோம். இன்று தட்டில் பாதிக்கு மேல் வெள்ளைச் சோறு. சென்னை ஆய்வுகள் தீட்டிய தானியத்தின் அளவு கூடக் கூட இந்த வளர்சிதைக் கேடு கூடுவதைக் காட்டியிருக்கின்றன. சத்துணவுக்கு முட்டை அனுப்பும் மாவட்டத்தில், தறிக்காரர் தட்டில் சோற்றைக் குறைத்து இரண்டு முட்டை வைத்தால் என்ன என்று கேட்பது தவறா?

கிராமம் என்றால் தப்பித்தோம் என்ற காலமும் போய்விட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இண்டியாப் ஆய்வு 2011-இல் தந்த முதல் கணக்கிலேயே தமிழ்நாட்டு நகரங்களில் 13.7, கிராமங்களில் 7.8 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய். 2023-இல் அது நாடு முழுமைக்கும் தந்த மதிப்பீடு பத்துக் கோடியைத் தாண்டியது. எல்லைக்கோட்டில் நிற்பவர்கள் பதின்மூன்று கோடிக்கும் மேல்.

இதில் நம்பிக்கை தரும் செய்தியும் தமிழ்நாட்டிலிருந்துதான் வந்தது. ராமச்சந்திரன் குழுவினர் எல்லைக்கோட்டில் நின்ற 531 பேரை நான்கு பிரிவாக்கி மூன்று ஆண்டுகள் கவனித்து 2006-இல் முடிவைச் சொன்னார்கள். அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 விழுக்காட்டினர் நோயாளிகளானார்கள். நடைப்பயிற்சி, உணவு மாற்றம் என்று வாழ்க்கையைத் திருத்தியவர்களில் அது 39.3. மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்தவர்களில் 40.5. நடையும் மாத்திரையும் ஏறத்தாழ ஒரே பலன் தந்தன என்பது ஒரு பாடம். எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று: நடந்தவர்களின் உடல் எடை குறையவே இல்லை. எடைமேடைச் சீட்டு அப்படியே இருக்க, உள்ளே பாரத்தின் இடமும் தசையின் நிலையும் மாறியிருக்கலாம். "ஆறு மாசமா நடக்கிறேன், அரைக் கிலோ குறையலையே" என்று சலித்து நிறுத்தியவர்கள் இந்த அவையில் இருப்பீர்கள். தயவுசெய்து மீண்டும் தொடங்குங்கள்.

எடை குறைத்தால் இன்னும் நல்லது, ஒல்லியானவருக்குக்கூட. இங்கிலாந்தில் நியூகாசிலைச் சேர்ந்த ராய் டெய்லர், பருமன் இல்லாத சர்க்கரை நோயாளிகள் 20 பேரை எடை குறைக்க வைத்தார். 2023-இல் வந்த முடிவின்படி பதினான்கு பேரின் நோய் மருந்தில்லாமல் அடங்கியது. ஈரலிலும் கணையத்திலும் இருந்த கொழுப்பு குறைந்ததை அளந்து காட்டினார். சிறிய ஆய்வுதான். மருத்துவர் துணையில்லாமல் யாரும் பட்டினி கிடக்க வேண்டாம். ஆனால் நோய் வந்துவிட்டால் மீளவே முடியாது என்று என் அப்பாவுக்குச் சொன்னார்களே, அது முழு உண்மை அல்ல.

ஆராய்ச்சி எங்கே போகிறது? ஒரு சொட்டு ரத்தத்தில் ஆயிரக்கணக்கான புரதங்களை ஒரே நேரத்தில் அளக்கும் முறை வந்துவிட்டது. பிரிட்டனின் உயிர்வங்கியில் 54,219 பேரிடம் 2,923 புரதங்களை அளந்து 2023-இல் வெளியிட்டார்கள். நோய் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே எந்தப் புரதம் நகர்கிறது என்று அதில் தேடுகிறார்கள். அங்கே ரத்தம் கொடுத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஐரோப்பிய வம்சாவளியினர். யட்கினின் உடம்பில் கண்ட விதியை யாஜ்னிக்கின் உடம்புக்கு அப்படியே பொருத்துவது எப்படி? சேலத்தில் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நாமக்கல்லுக்கு 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. பெரியார் பல்கலைக்கழகம் இருக்கிறது. தறிக்காரர், லாரிக்காரர், பண்ணைத் தொழிலாளி, கொல்லிமலை மக்கள் ஆகியோரின் ரத்தத்தை முறையாக, அவர்கள் சம்மதத்தோடு சேர்த்து, பத்து ஆண்டு பாதுகாத்துத் தொடரும் ஓர் ஆய்வை இந்த மண்ணில் தொடங்க வேண்டும் என்று இந்த மேடையிலிருந்து கேட்டுக்கொள்கிறேன்.

அதுவரை? மோகன் குழுவினர் 2005-இல் நான்கே கேள்வியில் ஒரு கணக்கு வகுத்தார்கள்: வயது, இடுப்பளவு, உடலுழைப்பு, பெற்றோருக்கு நோய் உண்டா. நூற்றுக்கு அறுபதும் மேலும் வந்தால் உடனே ரத்தம் பார்க்க வேண்டும். இந்தக் கணக்குக்கு ஊசியும் குத்தவேண்டாம், பணமும் வேண்டாம். இடுப்பளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்ணுக்கு 80-ஐயும் தாண்டக்கூடாது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்டபின், வயிற்றை எக்காமல் அளக்க வேண்டும். அரைஞாண் அதற்குச் சற்றுக் கீழே தொப்பைக்கு அடியில் இறங்கிவிடும். ஆகவே கயிற்றளவு இடுப்பளவைவிடக் குறைத்தே சொல்லும். கயிறே நீள்கிறது என்றால் உள்ளே நிலைமை இன்னும் மோசம். 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள் மாத்திரையோடு வீடு வீடாக ஏறி இறங்குகிறார்கள். அவர்கள் ஒவ்வொருவர் பையிலும் ஒரு தையல்காரர் டேப் இருக்கவேண்டும். நோயாளிக்கு மாத்திரை கொடுத்துவிட்டு வீட்டில் உள்ள மற்றவர்களின் இடுப்பை அளக்கவேண்டும். ஆண்களின் இடுப்பை அவர்கள் அளப்பதில் உள்ள சங்கடத்தை நான் அறிவேன். அதற்கு எளிய வழி ஒன்று உண்டு. ஒருவர் தன் உயரத்துக்கு ஒரு கயிற்றை வெட்டி, அதை இரண்டாக மடித்து, இடுப்பைச் சுற்றித் தானே பார்க்கட்டும். நுனிகள் சேர்ந்தால் சரி. சேராவிட்டால் இடுப்பு உயரத்தில் பாதியைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம்.

போன பொங்கலுக்கு ஊரில் மாட்டுக்குக் கயிறு மாற்றிய கையோடு எங்கள் வீட்டு ஆட்களை வாசலில் வரிசையாக நிறுத்தி இதைச் செய்து பார்த்தேன். சிரிப்பும் கூச்சலுமாக இருந்தது. பதினான்கு பேரில் எட்டுப் பேருக்குக் கயிறு எட்டவில்லை. அவர்களில் ஒருவன் என் தம்பி மகன். இருபத்தாறு வயது, போர்வெல் ரிக் வண்டி ஓட்டுகிறான், எடை ஐம்பத்தெட்டு கிலோ, கையும் காலும் குச்சி. "பெரியப்பா, கயிறு சின்னதா வெட்டிட்டீங்க" என்றான். மறுபடி வெட்டி வைத்தோம். நான்கு விரற்கடை குறைந்தது. மறுநாள் விடியற்காலையில், காபி குடிக்க விடாமல், அவனை வண்டியில் ஏற்றிக்கொண்டு ரத்தம் கொடுக்கப் போனேன்.